நரி, பரி, ஒரு லீவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் போகிற சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை குதிரைகள் பிறக்கின்றன என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? சிரிக்க வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு கார், லாரி, புல்லட்டின் விவரப் பட்டியலிலும் "இத்தனை குதிரைத்திறன்" என்று ஒரு வரி இருக்கும். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். ஆக, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இந்தச் சாலையில் தினமும் லட்சக்கணக்கான குதிரைகள் கேட்டைத் தாண்டி வெளியே போகின்றன. ஆனால் நாலு காலும் பிடரி மயிரும் உள்ள நிஜக் குதிரையைப் பார்க்க வேண்டும் என்றால் யாராவது கல்யாண ஊர்வலம் விட வேண்டும் :-)

இந்தச் சாலையில் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் ஓர் இளைஞரின் ஆசையைப் பற்றியது இந்தக் கட்டுரை. வயது இருபத்தாறு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சொந்த ஊர் சேலம் மாவட்டம், வாழப்பாடி பக்கம் ஒரு கிராமம். பெயரும் கம்பெனியும் இங்கே தேவையில்லை. அவருடைய ஆசை இதுதான்: ஒரு தடவையாவது வெளிநாட்டுக்குப் போய், குதிரை மேல் ஏறி, நரி வேட்டையில் கலந்துகொள்ள வேண்டும்!

ஆசை வந்த கதை சாதாரணமானது. ஆலையில் புது இயந்திரங்களைப் பொருத்த ஐரோப்பாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஐம்பது வயது மனிதர். கேன்டீனில் சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டே தன் மொபைலில் படங்கள் காட்டினார். பச்சைப் பசேலென்று வயல், அதில் இடுப்புயரக் கல் சுவர், சுவரைத் தாண்டும் குதிரை, குதிரை மேல் கறுப்புக் கோட்டு போட்ட இவர். வருஷா வருஷம் நவம்பர் மாதம் ஒரு வாரம் லீவு போட்டு அயர்லாந்துக்குப் போய்விடுவாராம். "உலகத்திலேயே இதைவிட நல்ல லீவு கிடையாது" என்றாராம். நம்ம ஆளுக்கு அன்று இரவு ஷிப்டில் தூக்கமும் வரவில்லை, வேலையும் ஓடவில்லை.

அப்புறம் மனிதர் சும்மா இருக்கவில்லை. மூன்று மாதம் தேடித் தேடிப் படித்தார். அவர் தெரிந்துகொண்டவற்றில் பாதி சுவாரஸ்யமானது. மீதிப் பாதி சங்கடமானது. இரண்டையும் பார்த்துவிடலாம்.

நரி வேட்டை என்றால் என்ன?

துப்பாக்கி எடுத்துக்கொண்டு நரியைச் சுடுவதுதான் நரி வேட்டை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இங்கிலாந்து, அயர்லாந்து பாணி நரி வேட்டையில் குதிரைக்காரர்கள் கையில் ஆயுதமே இருக்காது. வேட்டையாடுவது நாய்கள். அந்த நாய்களை நாய் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். 'ஹவுண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணும்போதும் ஒற்றையாக எண்ணக்கூடாது, ஜோடி ஜோடியாகத்தான் எண்ண வேண்டும். முப்பத்தைந்து நாய்கள் இருந்தால் 'பதினேழரை ஜோடி'!

வேட்டைக்குத் தலைவர் 'மாஸ்டர்'. நாய்களை நடத்துபவர் 'ஹன்ட்ஸ்மன்'. அவர் கையில் ஒரு சின்ன ஊதுகொம்பு. கொம்பை எப்படி ஊதுகிறார் என்பதை வைத்தே நாய்களும் குதிரைக்காரர்களும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். விலகி ஓடும் நாய்களை மறுபடி கூட்டத்தில் சேர்க்க உதவியாளர்கள் உண்டு. இவர்களுக்குப் பின்னால் இருபது பேரோ நூறு பேரோ குதிரையில் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'ஃபீல்டு'. காசு கொடுத்து லீவுக்கு வருகிறவர்கள் எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான். அவர்கள் நரியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நாய் மோப்பம் பிடிக்கும், நாய் ஓடும், பின்னால் குதிரை ஓடும், குதிரை மேல் இவர்கள் ஓடுவார்கள். அவ்வளவுதான்!

அதனால்தான் இதில் நரியைவிடக் குதிரைதான் முக்கியம் என்று பலர் சொல்கிறார்கள். வேலியோ சுவரோ பள்ளமோ, முன்னால் என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரியாமல், நாலைந்து மணி நேரம் திறந்த வெளியில் சவாரி. அயர்லாந்தில் கால்வே பக்கம் முழுக்கக் கல் சுவர். லிமெரிக் பக்கம் மண் கரையும் அகழியும். முக்கியமான பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் காலம் என்பதால்.

இதில் பாரம்பரியம் பேசும் சின்னச் சின்ன வேடிக்கைகளும் உண்டு. மாஸ்டர் போன்றவர்கள் போட்டுக்கொள்ளும் கோட்டு பளிச்சென்று சிவப்பு. ஆனால் அதைப் 'பிங்க்' என்பார்கள். ஏன் என்றால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கணக்கு

நம்ம ஆள் தரக்கட்டுப்பாட்டுக்காரர் அல்லவா, எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டார்.

ஒரு நாள் வேட்டையில் கலந்துகொள்ள விருந்தாளி கட்ட வேண்டிய பணத்துக்கு 'கேப்' என்று பெயர். அந்தக் காலத்தில் தொப்பியை நீட்டி வசூலித்ததால் வந்த பெயராம். அது தவிர குதிரை வாடகை. இரண்டும் சேர்த்தால் ஒரு நாளைக்கே சில நூறு யூரோ ஆகிவிடும். விமானம், தங்குமிடம், பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் தனி. சாதாரணப் பயணக் காப்பீட்டில் குதிரை வேட்டை பெரும்பாலும் சேராது. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். விசாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பா முழுக்க ஷெங்கன் விசா போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அயர்லாந்து ஷெங்கனில் இல்லை.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்டது. ஐந்து வருஷம் சேர்த்தால் முடியும் என்று ஷீட் சொன்னது. ஆனால் பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: சவாரி தெரிந்திருக்க வேண்டும். கடற்கரையில் ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு ரவுண்டு போன அனுபவம் செல்லாது. வேகமாக ஓடும் குதிரையில் உட்கார்ந்து சுவர் தாண்டத் தெரியாதவரை வேட்டையில் சேர்ப்பது அவர் உயிருக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. எனவே முதலில் இங்கேயே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். முதல் மாதம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனார் என்பது உபகதை :-)

போக வேண்டிய தூரம் அயர்லாந்து இல்லை, ஊட்டி

தேடத் தேட அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இந்தக் கூத்தெல்லாம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது!

ஊட்டியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் 'ஊட்டகமண்ட் ஹன்ட்' என்று ஒன்றை நடத்தினார்கள். அதே சிவப்புக் கோட்டு, அதே ஊதுகொம்பு, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஹவுண்டுகள். ஒரே ஒரு வித்தியாசம், ஊட்டியில் இங்கிலாந்தின் செந்நரி கிடையாது. அதனால் நம்மூர் நரியைத் துரத்தினார்கள். இந்த இடத்தில் தமிழ் கொஞ்சம் குழப்பும். ஆங்கிலேயர் இரண்டு தனிப் பெயர் வைத்திருக்கும் இரண்டு மிருகங்களுக்கும் நாம் பொதுவாக 'நரி' என்றே சொல்லிவிடுகிறோம். ஊளையிட்டுக்கொண்டு ஏரிக்கரையில் திரியும் நம் நரி, ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய சொந்தம். வறண்ட புதர்க்காட்டில் வளை தோண்டி வாழும் சின்ன நரியைச் சேலம் பக்கம் 'வங்கா நரி' என்பார்கள். அதுதான் இங்கிலாந்து செந்நரிக்குச் சித்தப்பா மகன் மாதிரி. ஊட்டியில் துரத்தப்பட்டது முதல் வகை.

சமவெளி வெயிலில் இங்கிலாந்து நாய்கள் தாக்குப்பிடிக்காது. ஊட்டியின் குளிர் அவற்றுக்கு ஒத்துப்போயிற்று. குதிரை ஓட்டத் தோதாக மரமில்லாத புல்வெளிக் குன்றுகளும் அங்கே இருந்தன. அந்தப் புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வென்லாக் டவுன்ஸ். இன்றைக்கு கூடலூர் போகிற வழியில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று சினிமாக்காரர்கள் டூயட் எடுக்கும் இடமெல்லாம் அந்தப் புல்வெளியின் மிச்சம்தான். ஆனால் அது வெள்ளைக்காரர் வருவதற்கு முன்னால் காலி இடமாக இருந்ததில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது.

நாடு விடுதலை அடைந்த பிறகும் இந்த வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. 1947-இல் பாகிஸ்தானின் குவெட்டாவை விட்டு வந்த ராணுவப் பணியாளர் கல்லூரி வெலிங்டனில் அமைந்தது. அங்கே படிக்க வந்த இந்திய அதிகாரிகள் அதே சிவப்புக் கோட்டில் அதே குன்றுகளில் குதிரை ஓட்டினார்கள். புல்வெளிதான் தாக்குப்பிடிக்கவில்லை. சீகை மரமும் தைலமரமும் நட்டார்கள். 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலைக்கும் அந்தப் பக்கத்து நிலம்தான் போயிற்று. இப்போது அந்த ஆலையும் மூடிக் கிடக்கிறது. ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தையும் 2024 ஜூனில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

பக்கத்து நாட்டுக்கும் இதே கதை உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848-இல் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி, கப்பலில் வேட்டை நாய்களை இறக்கி, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மரையை வேட்டையாடினார். பிறகு அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 'வெளிநாட்டில் வேட்டை விடுமுறை' என்பதற்கு அன்றைக்கு அர்த்தம் இந்தியாவும் இலங்கையும்தான். இன்றைக்கு ஒரகடத்து ஆள் அயர்லாந்து போக நினைப்பது திசை மாறிய பயணம்.

குதிரை நமக்கு எப்போதுமே இறக்குமதிச் சரக்கு

குதிரைக்காகக் கடல் பக்கம் போன கதை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு அரேபியா, பாரசீகப் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை என்றும் ஒன்றுக்கு 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதிவைத்திருக்கிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். இங்கே குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை, அதனால் குதிரைகள் செத்துப்போகின்றன, மறு வருஷம் மறுபடி வாங்குகிறார்கள் என்றார். வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வராமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதினார். சரக்கை விற்றுவிட்டு சர்வீஸ் தராத கம்பெனி அன்றைக்கே இருந்திருக்கிறது!

பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய அந்தக் காலத்து நினைவு கோயில் கதையிலும் பதிந்திருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அமைச்சர் மாணிக்கவாசகரை அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் அந்தப் பொன்னை எல்லாம் கோயில் பணிக்குச் செலவழித்துவிடுகிறார். அரசன் குதிரை எங்கே என்று கேட்க, சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவருகிறார். ராத்திரியில் அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிடுகின்றன. நரியைப் பரியாக்கிய இந்தத் திருவிளையாடல் மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்தப்படுகிறது. இங்கிலாந்துக்காரர் குதிரை மேல் ஏறி நரியைத் துரத்தினார். நம் கதையில் நரியே குதிரையாகிவிட்டது.

வாழப்பாடி

இதுவரை எல்லாம் ஜாலி. இனிமேல்தான் விஷயம்.

நம்ம ஆளின் சொந்த ஊர் வாழப்பாடி பக்கம் என்று சொன்னது சும்மா இல்லை. அந்தப் பகுதிக் கிராமங்கள் சிலவற்றில் காலங்காலமாக ஒரு வழக்கம்: பொங்கல் முடிந்ததும் ஊர்க்காரர்கள் வலையோடு புதர்க்காட்டுக்குப் போய் ஒரு வங்கா நரியைப் பிடித்து வருவார்கள். மாலை போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கயிறு கட்டிக் கோயிலைச் சுற்றி ஓடவிடுவார்கள். பிறகு கொண்டுபோய்க் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வங்கா நரி ஜல்லிக்கட்டு என்று பெயர். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பது நம் எல்லா ஊரிலும் உள்ள பேச்சுதானே, அவர்கள் ஊரே சேர்ந்து நரி முகத்தில் விழித்தார்கள். மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை.

1972-இல் வந்த காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், அதன் பிந்தைய திருத்தங்கள் ஆகியவற்றின்படி இது குற்றம். இன்றைக்கு நரியும் வங்கா நரியும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். கொல்லாவிட்டாலும், பிடிப்பதும் அடைப்பதும் துன்புறுத்துவதும் சட்டப்படி வேட்டைதான். வனத்துறை எச்சரித்துப் பார்த்தது. சில வருஷங்களில் நரி பிடித்தவர்களுக்கு அபராதம் விதித்தது. காரணமும் இருக்கிறது. வங்கா நரியின் காடு சுருங்கிக்கொண்டே வருகிறது. நாலா பக்கமும் வலையோடு வந்து பிடித்து, கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் ஓடவிட்டால் அந்தச் சின்ன மிருகம் என்ன பாடுபடும் என்று சொல்ல விலங்கியல் படிக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் நம்ம ஆள் ஒரு ராத்திரி ஊருக்கு போன் பண்ணி, அயர்லாந்து ஆசையை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா விவசாயி. பொறுமையாகக் கேட்டாராம். நாய், குதிரை, கோட்டு, கொம்பு, கட்டணம் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்.

"ஏண்டா தம்பி, நாம புடிச்சு சாமி கும்பிட்டுட்டு உசுரோட காட்டுல விட்டா அதுக்கு அபராதம். அவன் நாயை விட்டுக் கடிக்க வெச்சா அதுக்குப் பேரு டூரா?"

மகனிடம் பதில் இல்லை.

அங்கே மட்டும் என்ன வாழுதாம்?

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இதே சண்டை நடந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மகன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்.

பிரிட்டனில் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவதை முதலில் தடுத்தது ஸ்காட்லாந்து, 2002-இல். 2023-இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004-இல் சட்டம் வந்து, 2005 பிப்ரவரி 18 முதல் அமலானது. அதற்கு முன் 2000-இல் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு, இந்த வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று சொல்லியிருந்தது. ஆனால் கிராமத்துக்காரர்கள் சும்மா விட்டார்களா? 2002 செப்டம்பரில் லண்டனில் சுமார் நான்கு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். "எங்கள் வாழ்க்கை பட்டணத்துக்காரனுக்குப் புரியாது", "இது எங்கள் பாரம்பரியம்", "குதிரை, நாய், லாடம் என்று எத்தனையோ பேர் பிழைப்பு இதில் இருக்கிறது" என்று கோஷம். பிரபுக்கள் சபை சட்டத்தை ஏற்கவே இல்லை. கடைசியில் அந்தச் சபையின் சம்மதமே இல்லாமல் நிறைவேற்ற வழிசெய்யும் தனிச் சட்டத்தைப் பயன்படுத்தித்தான் தடையைக் கொண்டுவர முடிந்தது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் கூடியதும், தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்ததும், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதும் இதே வாதங்களோடுதான். மெரினாவில் கூடியவர்களும் லண்டனில் நடந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தால் கைகுலுக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் முடிவு நேர்மாறு. இங்கே காளை வாடிவாசலுக்குத் திரும்பியது. அங்கே நரி தப்பித்தது.

முழுதாகத் தப்பித்ததா என்பது வேறு கேள்வி. தடைக்குப் பிறகு இங்கிலாந்தில் 'டிரெயில் ஹன்டிங்' வந்தது. ஒரு துணியில் நரி வாடையைத் தோய்த்து முன்கூட்டியே இழுத்துக்கொண்டு போவார்கள். நாய்கள் அந்த வாடையைத் துரத்தும். நரி தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'தவறுதலாக' நிஜ நரி குறுக்கே வந்து மாட்டுகிறது, எல்லாம் கண்துடைப்பு என்று எதிர்ப்பாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 தேர்தலில் தொழிற்கட்சி இதையும் தடை செய்வதாக வாக்குறுதி கொடுத்தது. அயர்லாந்துக் குடியரசில் தடைச் சட்டம் கிடையாது. அதனால்தான் வேட்டை விடுமுறை என்றால் எல்லோரும் அங்கே போகிறார்கள். ஒரு ஊரில் குற்றமாக்கினால் அது பக்கத்து ஊரில் சுற்றுலாவாகிவிடுகிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார்

இந்தக் கதையில் சிவப்புக் கோட்டும் வாழப்பாடி வலையும் வந்துவிட்டன. பெயரிலேயே நரியை வைத்திருப்பவர்கள் வரவில்லை. நரிக்குறவர்கள்.

அவர்களுக்கு நரி வேட்டை விடுமுறைப் பொழுதுபோக்கும் அல்ல, திருவிழாவும் அல்ல. பிழைப்பு. நரியின் இறைச்சி, பல், தோல், 'நரிக்கொம்பு' என்று விற்ற தாயத்து, இவற்றால்தான் அந்தப் பெயரே வந்தது. ஊட்டி புல்வெளியில் அதிகாரிகள் நரியைத் துரத்தியபோது அதற்குப் பெயர் வீர விளையாட்டு. நரிக்குறவர் அதே நரியைப் பிடித்தபோது, அவரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டோம். காட்டுயிர்ச் சட்டம் வந்ததும், அதிகாரிகள் வேறு விளையாட்டுக்குப் போக முடிந்தது. கோல்ஃப் இருக்கிறது, போலோ இருக்கிறது. நரிக்குறவருக்கு மணி கோக்கவும் ஊசி விற்கவும் மட்டும்தான் வழி இருந்தது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். தொழிலைப் பறித்த சட்டத்துக்கும் இதற்கும் நடுவில் அரை நூற்றாண்டு போய்விட்டது.

நரியைக் காப்பாற்றியது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. நரியைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஒரு தடை வரும்போது பொழுதுபோக்கை இழக்கிறவரும் சோற்றை இழக்கிறவரும் ஒரே மாதிரி இழப்பதில்லை. அதைக் கணக்கில் எடுக்காத சட்டம், சரியான சட்டமாக இருந்தாலும், பாதிச் சட்டம்தான்.

சரி, அவர் போனாரா?

போகவில்லை. காசு இல்லாததால் அல்ல. அவர் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாராம். விமானம், விசா, பூட்ஸ், குதிரை, கேப். இந்த லீவில் தனக்கு எது வேண்டும் என்று யோசித்தாராம். திறந்த வெளி வேண்டும். குதிரை வேண்டும். சுவரைத் தாண்டும் அந்த ஒரு நொடி வேண்டும். ஓடிக் களைத்து ஒரு மிருகம் கிழிபடுவது தேவையா என்றால், இல்லை. அதை நீக்கினாலும் லீவு குறைவுபடவில்லை. அப்படியானால் அதற்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

நரியே இல்லாத சவாரி விடுமுறைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ராஜஸ்தானில் மார்வாரிக் குதிரையில் கிராமம் கிராமமாக நாள்கணக்கில் போகலாம். அதற்கு விசா தேவையில்லை. செயற்கை வாடையை மட்டும் துரத்தும் 'டிராக் ஹன்ட்' குழுக்களும் பல நாடுகளில் உண்டு. அவை நரி வாடையைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் டிரெயில் ஹன்டிங்குக்கு உள்ள கெட்ட பெயர் இவற்றுக்கு இல்லை. அவர் முதலில் ராஜஸ்தான் என்று முடிவு பண்ணியிருக்கிறார். கேன்டர் வேகத்தில் விழாமல் உட்காரக் கற்றுக்கொண்ட பிறகு!

அப்பாவிடமும் பேசினார். "அங்க பண்றதும் தப்புதாம்பா, அங்கயே பாதி ஊர்ல நிறுத்திட்டாங்க. நான் போகல" என்றாராம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம், "நீ போகலைன்னா சரி. ஊர்ல பொங்கலுக்கு வர்றப்ப இதையே நம்ம பயலுகளுக்கும் எடுத்துச் சொல்லு. ஃபாரஸ்ட்டுக்காரன் சொன்னா சண்டைக்கு நிப்பானுவ, நீ சொன்னா ஒருவேளை கேப்பானுவ" என்றாராம்.

கேட்பார்களா என்பது தெரியாது. பாரம்பரியத்தை விடச் சொல்வது லேசான காரியம் இல்லை, லண்டனிலேயே நான்கு லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் வெளிநாட்டுக்குப் போய் செய்யவிருந்ததைத் தானே கைவிட்டுவிட்டு வந்து பேசுகிற ஒருவனின் பேச்சுக்கு, அபராத நோட்டீஸைவிடக் கொஞ்சம் மதிப்பு இருக்கும். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று ஒரு பழமொழி உண்டு. அதை நரியும் நம்மைப் பார்த்துச் சொல்லலாம். அது சொல்வதில்தான் நியாயம் அதிகம்.